காயலான் கடை எஞ்சின்

எங்கள் வீட்டில் அப்போது ஒரு ஜீப் இருந்தது. யுத்தம் முடிந்தபின் பட்டாளத்தார் கழித்துக்கட்டி ஏலம்விட்ட வண்டிகளில் ஒன்று; பல கைகள் மாறி அப்பாவிடம் வந்து சேர்ந்திருந்தது. கவுஞ்சியிலிருந்தும் கூக்காலிலிருந்தும் குதிரை முதுகில் வரும் உருளைக்கிழங்கையும் பூண்டையும் கொடைக்கானலில் வாங்கி, மலையிறக்கி வத்தலக்குண்டில் விற்பது அப்பாவின் தொழில். வண்டி ஓட்டுவது சித்தப்பா. மதுரையில் ஒரு பஸ் பட்டறையில் சில வருஷம் ஃபிட்டராக இருந்துவிட்டு, யாரோடோ ஒத்துப்போகாமல் மலைக்குத் திரும்பி வந்தவர்.

நான் நாலாம் வகுப்புப் படித்த வருஷம், மார்கழியில், கீழே போன ஜீப் அன்றைக்குத் திரும்பவில்லை. மறுநாள் ஒரு லாரியின் பின்னால் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். எஞ்சினுக்குள் ஏதோ தண்டு முறிந்து, இரும்பு வயிற்றைத் துளைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. சித்தப்பாவின் உதடு கிழிந்து, ஒரு கண் மூடிக் கிடந்தது. வண்டியைக் கிளப்ப முன்னால் செருகிச் சுற்றும் கிராங்க் ஹேண்டில் திருப்பி அடித்துவிட்டது என்று அம்மா சொன்னாள். இவ்வளவு பொல்லாத ஹேண்டிலா என்று நான் அதைத் தொடாமல் தூரத்தில் நின்று பார்த்தேன்.

அன்றிலிருந்து வீட்டில் பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசத் தொடங்கினார்கள். நான் உள்ளே போனால் பேச்சு நின்றுவிடும். அப்படி நிற்பதற்கு முன் அப்பா சொல்லிக்கொண்டிருந்த ஒரு வாக்கியம் மட்டும் அடிக்கடி காதில் விழுந்தது. "ஒருக்கா அனுப்பிவிட்டா அனுப்பிவிட்டதுதான். நாமளே போயி திருப்பி எடுத்துட்டு வரக்கூடாது." வத்தலக்குண்டு வியாபாரி ஏதோ மூட்டையில் தகராறு செய்கிறான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

புது எஞ்சின் வாங்கும் வசதி எங்களுக்கு இல்லை. ஜீப்பை எடைக்குப் போட்டுவிடலாம் என்றார் அப்பா. சித்தப்பா மதுரைக்கு பஸ் ஏறினார். திரும்பி வரும்போது அவரிடம் இரண்டு கோணிப்பை இரும்பு இருந்தது. அதற்குப் பிறகும் போய்க்கொண்டே இருந்தார். மதுரையிலும் திண்டுக்கல்லிலும் அவர் நுழையாத காயலான் கடை இல்லை. எஞ்சினின் உடம்பான பிளாக் ஒரு செத்த ஜீப்பினுடையது. பிஸ்டன்கள் வேறொன்றினுடையவை. கார்புரேட்டர் பெரிய லாரி ஒன்றிலிருந்து கழற்றியது; எங்கள் எஞ்சினுக்கு அது, குழந்தை தலையில் தாத்தா தலைப்பாகை மாதிரி இருந்தது. அதைப் பொருத்த ஒரு கனமான அலுமினியத் தகடு தேவைப்பட்டபோது அம்மாவின் இட்லிக் கொப்பரை மூடி காணாமல் போயிற்று. அம்மா எல்லா இடத்திலும் தேடினாள், வண்டிக் கொட்டகையைத் தவிர. அங்கே தேடாமல் விட்டது ஏன் என்று கேட்க அப்போது எனக்குத் தோன்றவில்லை.

எஞ்சினின் மேல்மூடியை லேத்துப் பட்டறையில் கொடுத்து ஒரு சுற்றுச் சீவிக்கொண்டு வந்தார். நல்ல இரும்பை எதற்குச் சீவ வேண்டும் என்று கேட்டேன்.

"உள்ள இருக்கிற எடத்தக் கொறச்சா பெட்ரோலுக்குக் கோவம் கூடும் பாப்பா. கோவம் கூடினா வண்டி ஏறும்" என்றார்.

பிறகு கடைவீதி ஆசாரியிடம் நகை நிறுக்கும் தராசை இரவல் வாங்கி வந்து, நாலு பிஸ்டனையும் நாலு தண்டுகளையும் அதில் மாற்றி மாற்றி வைத்து நிறுத்தார். கனமாக இருந்ததை அரத்தால் ராவி, எல்லாம் ஒரே எடைக்கு வரும்வரை விடவில்லை. எடை ஒன்றுபோல இருந்தால்தான் எவ்வளவு வேகத்தில் சுற்றினாலும் எஞ்சின் தன்னைத்தானே உதைத்துக்கொள்ளாதாம். வால்வு தேய்க்கும் வேலையில் பாதி எனக்கு. சொரசொரப்பான பசையைத் தடவி, குச்சியை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துப் பருப்புக் கடைவதுபோல முன்னும் பின்னும் உருட்டுவேன். கை சிவந்துபோகும். சாம்பல் நிறத்தில் ஒரு மோதிரம் போல விளிம்பு முழுக்கத் தெரிந்தால் போதும் என்பார்.

அப்பா அவ்வப்போது கொட்டகை வாசலில் வந்து நிற்பார். ஒருநாள் கேட்டேவிட்டார்.

"கெழங்கு ஏத்துற வண்டிக்கு எதுக்குடா இம்புட்டு வேகம்?"

"ஏத்தத்துல நிக்கக் கூடாதுல்லண்ணே" என்றார் சித்தப்பா, தலை நிமிராமல்.

அப்பா உள்ளே போய்விட்டார்.

எஞ்சின் முதன்முதலாக உறுமியபோது கொட்டகைக் கூரையிலிருந்து தூசி கொட்டியது. பழைய ஜீப்பின் சத்தம் கிழவர் இருமுவதுபோல இருக்கும். இது அடித்தொண்டையில் பேசியது. சித்தப்பா அதைப் பெருமாள்மலை வரை இறக்கி ஏற்றிப் பார்த்தார். ஏறி வந்ததும் மூடியைத் திறந்து, எங்கே எண்ணெய் கசிகிறது, எங்கே சூடு கூடுகிறது என்று பார்த்துச் சரிசெய்வார். சிரிப்பே இல்லை. இவ்வளவு நல்ல வண்டி வைத்திருப்பவர் ஏன் சிரிக்காமல் இருக்கிறார் என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

பங்குனியில் ஒருநாள் என்னையும் கூட்டிக்கொண்டு ஆயக்குடிக்குக் கிளம்பினார். அங்கேதான் என் அத்தையைக் கட்டிக்கொடுத்திருந்தது. அப்பாவுக்குத் தங்கை, சித்தப்பாவுக்கு அக்கா. மாமா வீட்டில் கொய்யாத் தோப்பும் கறுப்புக் காரும் உண்டு. கல்யாணமான வருஷம் தீபாவளிக்கு வந்த அத்தை, அதற்குப் பிறகு வரவே இல்லை. தோப்பில் வேலை அதிகம் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். அம்மா வெள்ளனே எழுப்பிப் பாவாடை சட்டை போட்டுவிட்டு, வழக்கமில்லாமல் நெற்றியில் முத்தம் கொடுத்தாள்.

மாமா தோப்புக்குப் போயிருந்தார். அத்தையின் மாமியார் எங்களைக் கண்டு சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. சித்தப்பா மிகவும் பணிவாக, பாப்பாவுக்குப் பழனி மலையில் ஒரு வேண்டுதல் என்றும், பெண் துணை இல்லாமல் வந்துவிட்டதாகவும், அக்காவைக் கொஞ்சம் அனுப்பினால் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவோம் என்றும் சொன்னார். எனக்கு அப்படி ஒரு வேண்டுதல் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. காய்ச்சலில் கிடந்தபோது வேண்டியிருப்பார்கள் என்று எடுத்துக்கொண்டேன். முருகன் பெயரையும் சொல்லி, என்னையும் முன்னால் நிறுத்திய பிறகு அந்த அம்மாள் என்ன செய்வாள்?

"சோலி அம்புட்டும் அப்பிடியே கெடக்கு. மத்தியானத்துக்குள்ள வந்து சேரணும்" என்றாள்.

அத்தை கட்டிய சேலையோடு வந்து ஏறினாள். மெலிந்திருந்தாள். முழங்கைக்கு மேலே ஒரு தழும்பு தெரிந்தது. என் பார்வையைக் கண்டதும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். தெரு திரும்பியதும் ஜீப் ஒட்டன்சத்திரம் பக்கமாகப் பாய்ந்தது. பழனி மலைக்கோயில் எங்களுக்குப் பின்னால் சிறுத்துக்கொண்டே போனது.

"சித்தப்பா, கோயில் அந்தப் பக்கம்ல இருக்கு."

"முருகன் எங்கயும் போயிற மாட்டாரு பாப்பா" என்றார்.

வத்தலக்குண்டு தாண்டி மலையடிவாரத்தில் தண்ணீர் ஊற்ற ஒரு தடவை நிறுத்தினார். அத்தை இறங்கவில்லை. வந்த வழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மலைப்பாதையில் ஏறத் தொடங்கிச் சில வளைவுகள் போனதும், கீழே, நாங்கள் கடந்துவந்த ரோட்டில், அந்தக் கறுப்புக் கார் தெரிந்தது. நான்தான் முதலில் பார்த்தேன். மாமாவும் வருகிறார் என்று உற்சாகமாகச் சொன்னேன்.

சித்தப்பா காலை அழுத்தினார். எஞ்சின் குரல் உயர்ந்தது. பழைய வண்டி முக்கி முனகி முதல் கியருக்கு இறங்கும் ஏற்றங்களை இது அலட்சியமாகத் தாண்டியது. ஒவ்வொரு வளைவிலும் ஒருபக்கம் பாறையும் மறுபக்கம் வெறும் காற்றும் மாறி மாறி வந்தன. அத்தை ஒரு கையால் கம்பியையும் மறு கையால் என் தோளையும் பிடித்திருந்தாள். டம்டம் பாறைக்கு மேலே ஒரு செங்குத்தான திருப்பம் வந்தபோது அவள் சித்தப்பா பக்கம் குனிந்து சொன்னாள்.

"போன தடவ இங்கனதானடா நின்னுச்சு."

"அது வேற எஞ்சினுக்கா."

"பிடிச்சிட்டாங்கன்னா இந்தத் தடவ ஒன்னைய உசுரோட விட மாட்டாங்க."

"நிக்காதுக்கா. நானே சேத்தது" என்றார் சித்தப்பா.

ஆக, இதற்கு முன்பும் ஒரு பந்தயம் நடந்திருக்கிறது, அதில் நாங்கள் தோற்றிருக்கிறோம் என்று புரிந்துகொண்டேன். உடனே எனக்கு ரோஷம் வந்துவிட்டது. விடாதீங்க சித்தப்பா என்று கத்தினேன். கறுப்புக் கார் ஒரு வளைவு தூரத்துக்கு நெருங்கி, பின் இரண்டு வளைவானது. அதன் முன்பக்கத்திலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்புவதை நான் பார்த்தேன். கடைசியில் அது ஓரமாக ஒதுங்கி நின்றுவிட்டது. மாமா கதவைத் திறந்து இறங்கி, இடுப்பில் கைவைத்து மேலே அண்ணாந்து பார்த்தார். நான் எழுந்து நின்று அவருக்குக் கையசைத்தேன். அத்தை என் கையைப் பிடித்துக் கீழே இழுத்து, மடியில் புதைத்துக்கொண்டாள். ஜெயித்தவர்கள் கையசைக்கக்கூடாதா என்று எனக்கு அவள்மேல் கோபம்.

நாங்கள் வீட்டுக்கு வந்தபோது வெயில் தணிந்திருந்தது. அப்பா கடைக்குப் போகாமல் வாசலிலேயே நின்றிருந்தார். சித்தப்பா எஞ்சினை நிறுத்தினார். அப்பா நேராக அத்தையிடம் வந்தார்.

"சாப்பிட்டியாத்தா?" என்று கேட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து அவளுக்குப் போர்த்திவிட்டார். மலைக்குளிருக்காக என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் மாமாவும் ஊர்ப் பெரியவர்கள் நாலு பேரும் வந்தார்கள். அம்மா காப்பி கொடுத்தாள். என்னை வெளியே விளையாடப் போகச் சொன்னார்கள். நான் கதவோரத்தில் விளையாடினேன். பெரியவர்கள் வெகுநேரம் மரியாதையாகப் பேசினார்கள். பெண்ணென்றால் பொறுத்துப்போக வேண்டும், நடந்தது நடந்துவிட்டது என்றார்கள். அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கடைசியில், "அவ வர மாட்டாளுங்க. நான் அனுப்பவும் மாட்டேன்" என்றார்.

மாமா தலையைக் குனிந்துகொண்டிருந்தார். பந்தயத்தில் தோற்ற வருத்தம் அவருக்கு இன்னும் ஆறவில்லை என்று எனக்குப் பாவமாக இருந்தது. உள்ளே போய் அவர் அருகில் நின்று சொன்னேன்.

"கவலப்படாதீங்க மாமா. ஒங்க காரு எஞ்சின சித்தப்பாகிட்டக் குடுங்க. நல்லாப் பண்ணிக் குடுத்துருவாரு. அடுத்த தடவ நீங்க எங்களப் பிடிச்சிரலாம்."

பெரியவர்களில் ஒருவருக்குக் காப்பி புரையேறியது. மாமா எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள். அப்போது அடுப்படிக் கதவுக்குப் பின்னாலிருந்து அத்தை சிரிக்கும் சத்தம் கேட்டது. முதலில் அடக்கிக்கொண்டு, பிறகு அடக்க முடியாமல், அழுகிறாளோ என்று சந்தேகப்படும்படி சிரித்தாள். அம்மா அவள் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

நல்லது சொல்லப்போன என்னைக் கேலி செய்கிறாள் என்று எனக்கு அவமானமாகிவிட்டது. அன்று முழுவதும் அத்தையோடு நான் பேசவில்லை.