பெட்டிக்குள் என்ன என்று கேட்டான்

பூவரசங்குளத்துப் பக்கம் அரிசி மில் என்றால் அது என் மில்தான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் தொடர்பு அறுந்தது. இரண்டு பக்கத்துக்கும் கவலையில்லை. காட்டை வெட்டி வயலாக்கினேன், வயலிலிருந்து லொறிக்கு வந்தேன், லொறியிலிருந்து மில்லுக்கு வந்தேன். எவரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. எங்கள் சின்னக் கோயிலின் கூரைத் தகரம் முழுவதும் நான் போட்டது. மாரி மழைக்குப் பூசை காண்கிறவர்கள் யாருடைய தகரத்தின் கீழ் நிற்கிறார்கள் என்பதை அவர்கள் மறந்துபோக நான் விட்டதில்லை.

அப்படிப்பட்டவன் இரண்டு வருஷமாக நன்மை வாங்காமல் இருந்தேன். பூசையில் சுவாமியார் கையால் தரும் வெள்ளை அப்பத்தை உண்பதை நாங்கள் நன்மை வாங்குதல் என்போம். பார்வைக்கு அப்பம், உள்ளே இருப்பது ஆண்டவர் என்பது எங்கள் விசுவாசம். நான் அதை நிறுத்தியதற்குக் காரணம் என் ஒரே மகன். எண்பத்து மூன்றுக் கலவரத்துக்கு அடுத்த வருஷம் ஒரு காலையில் சைக்கிளை மில் சுவரில் சாத்திவிட்டுப் போனவன்தான். ஆயுதம் தூக்க இயக்கத்துக்குப் போய்விட்டான் என்று ஊர் சொன்னது. எங்கே, எந்தக் காட்டில், ஒன்றும் தெரியவில்லை. நான் முழங்காலில் நின்று கேட்டேன். திருப்பித் தா என்று கேட்கவில்லை. இருக்கிறானா இல்லையா, அதை மட்டும் சொல் என்று கேட்டேன். மாதக்கணக்காகக் கேட்டேன். ஆள் அனுப்பிக் கேட்டால் எனக்கு ஆகாத முதலாளிமார்கூட ஒரு பதில் அனுப்புவார்கள். இவர் அனுப்பவில்லை.

ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் சனங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சுவாமியாரிடம் சொன்னேன்.

“ஒளிச்சிருக்கிற ஆளுக்கு முன்னால நான் இனி வாய் திறந்து நிக்கமாட்டன், சுவாமி. முதல்ல அவர் முகத்தைக் காட்டட்டும். பிறகு பாப்பம்.”

சுவாமியார் வவுனியாவிலிருந்து இரண்டு கிழமைக்கு ஒருமுறை வருகிறவர். மெலிந்த மனிதர், ஆனால் வாய் மெலிவில்லை.

“அவர் முகத்தைக் காட்டினது மாட்டுத் தொழுவத்திலயும் சிலுவையிலயும்தான், முதலாளி. ரெண்டு இடத்திலயும் பெரிய ஆக்கள் வேற பக்கம் பாத்துக்கொண்டு நிண்டவை.”

கெட்டிக்காரக் கதைதான். ஆனால் மகன் எங்கே என்பதற்கு அது பதில் இல்லையே. அன்றிலிருந்து பூசைக்குப் போவேன், முன் கதிரையில் இருப்பேன், எல்லோரும் எழுந்து போகும்போது நான் எழும்ப மாட்டேன். என் மனைவி என்னைத் தாண்டிப் போய் வாங்கிக்கொண்டு வந்து பக்கத்தில் முழங்காலில் இருப்பாள். ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் சண்டை பிடித்து ஆறியிருப்பேன்.

இரண்டாம் வருஷம் அவளுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு, இனி வீட்டில் பாருங்கள் என்று அனுப்பினார்கள். ஆளைத் தூக்கி இருத்த முடியாது. கஞ்சித் தெளிவு கரண்டியால் இறங்கும், அதுவும் சில நாள் இறங்காது. ஒரு காலை என்னைக் கூப்பிட்டாள்.

“இஞ்சேருங்கோ, எனக்கு நன்மை வேணும். இனி விழுங்க ஏலுமோ தெரியேல்லை. இண்டைக்கே வேணும்.”

சுவாமியார் வர வழியில்லை. காயப்பட்ட யாரையோ தன் வாகனத்தில் ஏற்றினார் என்று, மன்னார் ரோட்டை மறித்துச் சென்றி போட்டு நின்ற ஆமி அவரை இந்தப் பக்கம் வர விடவில்லை. லொறிகளும் ஓடக்கூடாது என்று உத்தரவு. இரண்டு லொறிக்குச் சொந்தக்காரன் சைக்கிளை மிதித்துக்கொண்டு வவுனியாவுக்குப் போனேன்.

சுவாமியார் நான் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பீடத்துப் பேழையைத் திறந்தார். கைக்கடிகாரம் அளவில் ஒரு வட்டப் பெட்டி, பித்தளை. அதற்குள் ஒரே ஒரு அப்பத்தை வைத்து மூடினார்.

“கோயில்ல மிச்சம் கிடக்கிறது இது ஒண்டுதான். பாதை பூட்டினதால கன்னியாஸ்திரிமாரிட்ட இருந்து அப்பம் வரேல்லை. கவனம்.”

“சுவாமி, நான் வாங்காத ஆள். என்னட்டத் தாறீங்கள்.”

“வாங்கச் சொல்லேல்லையே. கொண்டுபோகத்தான் சொல்லுறன். அவரை ஒருக்கா கழுதையும் சுமந்தது.”

வேறு எவனும் என்னிடம் அப்படிச் சொல்லிவிட்டுப் போயிருக்க மாட்டான். ஆனால் பெட்டி அப்போது என் சட்டைப்பையில் இருந்தது. கோபப்பட இடமில்லை.

சென்றியில் சனம் வரிசையாக நின்றது. பின்னேரம் அந்தத் தடையை மூடிவிடுவார்கள். மூடினால் மறுநாள் காலைதான். வெயில் சாயத் தொடங்கியிருந்தது. சைக்கிளை உருட்டிக்கொண்டு முன்னுக்குப் போனேன். மீசை ஒழுங்காக முளைக்காத ஒரு ஆமிக்காரன் அடையாள அட்டையைப் பார்த்தான். மதவாச்சிப் பக்கம் நெல் வாங்கித் திரிந்த காலத்தில் நான் சிங்களம் பழகியவன். நன்றாகவே பேசுவேன்.

“பிள்ளைகள்?”

“ஒரு மகன்.”

“எங்கே?”

“சவூதியில் வேலை.”

தடங்கலே இல்லாமல் வந்தது. சென்றிக்குப் பொய் சொல்வது எங்களுக்கு அந்த நாட்களில் மூச்சு விடுவது போல. அவன் அட்டையைத் திருப்பித் தந்தான். பிறகு என் நெஞ்சைத் தடவினான். கை பெட்டியில் பட்டது.

“எடு. பெட்டிக்குள் என்ன?”

தேத்தண்ணியில் தோய்க்கிற விசுக்கோத்து என்று சொல்லலாம். நோயாளிக்கு என்று சொல்லலாம். மருந்து என்றாலும் போதும். வாய் நிறையச் சிங்களம் வைத்திருக்கிற எனக்கு ஒரு சொல் வரவில்லை. மகனை இல்லாத ஊருக்கு அனுப்பிய அதே நாக்கு.

அவன் பெட்டியைப் பறித்துக் காதருகே வைத்து ஆட்டினான். மூடியைத் திறந்தான். காற்று வேறு. அந்த அப்பம் கடதாசியை விடப் பாரமில்லாதது. எழும்பிப் பறந்தால் செம்மண்ணில்தான் விழும். வியர்த்த விரலை உள்ளே நீட்டினான்.

“தொடாதே” என்றேன். மில்லில் வேலையாட்களைக் கூப்பிடும் குரல் அது, அப்படியே வந்துவிட்டது.

துவக்கு என் பக்கம் திரும்பியது. பின்னால் நின்றவர்கள் ஒதுங்கும் சத்தம் கேட்டது. எனக்கு அடுத்து நின்ற கடைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு தமிழில் சொன்னார்.

“விசுக்கோத்து எண்டு சொல்லுமன், காணும். எங்களையும் சேத்துக் கொல்லப் போறீர்.”

“என்ன இது?” ஆமிக்காரன் மறுபடி கேட்டான்.

“கடவுள்” என்றேன்.

அவன் மற்றவனைக் கூப்பிட்டான். “மச்சான், இங்கே வா. இந்தக் கிழவன் பெட்டியில் கடவுளைக் கொண்டுபோகிறானாம்.”

மணல் மூட்டைக்குப் பின்னாலிருந்து வயது கூடிய ஒருவன் வந்தான். எட்டிப் பார்த்தான். “இவ்வளவு சின்னதா?” என்றான். இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அதுதான் பிழையாகிப் போனது என்று நினைக்கிறேன். வயது கூடியவனின் முகம் மாறியது. இயக்கப் பொடியன்கள் நஞ்சு கொண்டு திரிகிறார்கள் என்ற பேச்சு அவனுக்குத் தெரியாமல் இருக்குமா?

“சாப்பிடு” என்றான்.

“இது என் மனைவிக்கு. சாகக் கிடக்கிறாள். வேறு இல்லை, இது ஒன்றுதான்.”

“சாப்பிட மாட்டாயானால் நஞ்சுதான்.”

துவக்கு முனை என் தொண்டைக்குழியில் வந்து நின்றது. இரும்பு வெயிலில் சுட்டது. வாங்க மாட்டேன் என்று ஊருக்கு முன்னால் சொன்னவன் நான். அது ஒரு பக்கம். நான் இதைத் தின்றால் அவள் வெறும் பெட்டியைப் பார்த்துக்கொண்டு சாவாள். அது மறு பக்கம். சின்ன வயதில் உபதேசியார் அடித்துச் சொல்லித்தந்த ஞானோபதேசத்தில் ஒன்று மட்டும் எனக்குள் மிஞ்சியிருந்தது: எவ்வளவு சின்னதாக உடைத்தாலும் ஒவ்வொரு துண்டிலும் அவர் முழுதாக இருக்கிறார். நான் அப்பத்தை எடுத்து இரண்டாக உடைத்தேன். ஒரு பாதியைத் திரும்பப் பெட்டியில் வைத்தேன். மற்றப் பாதியை வாயில் போட்டேன்.

அவர்கள் என்னை ஓரமாக வெயிலில் நிறுத்தினார்கள். நான் விழுகிறேனா என்று பார்க்கத்தான். வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். திறந்த பெட்டி அந்தப் பொடியனின் உள்ளங்கையில் இருந்தது. அவன் சொறிய நினைத்துக் கையைத் தூக்கினாலும் எல்லாம் முடிந்தது. என் கண் அதைவிட்டு அகலவில்லை. எனக்கு வெளிச்சம் ஒன்றும் தெரியவில்லை, குரல் ஒன்றும் கேட்கவில்லை. எச்சில் வற்றிய வாயில் அப்பம் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கரைய மறுத்தது. நாக்கால் தள்ளினேன். அசையவில்லை. மகனைப் பற்றி அப்போதும் கேட்டேன். அப்போதும் பதில் இல்லை.

தடை மூடும் நேரம் வந்தது. வயது கூடியவன் பெட்டியை வாங்கி, மூடியை இரண்டு விரலால் மெதுவாக அமர்த்தி என்னிடம் நீட்டினான். ஏன் அவ்வளவு மெதுவாக என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. “போ” என்றான்.

வீட்டுக்கு வந்தபோது அவள் விழித்திருந்தாள். பெட்டியைத் திறந்து காட்டினேன்.

“அரைவாசி எங்க?”

“நான் திண்டிட்டன்.”

“வாங்கினனான் எண்டு சொல்லுங்கோ.”

“வாங்கேல்லை. துவக்கை வைச்சுத் தின்னப் பண்ணினவங்கள்.”

நடந்ததைச் சொன்னேன். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

“மகனைக் கேட்டவங்களோ?”

“சவூதி எண்டு சொன்னன்.”

“இதை மட்டும் விசுக்கோத்து எண்டு சொல்ல வரேல்லையாக்கும்.”

நான் கரண்டியைத் தேடி எடுத்தேன்.

“உள்ளுக்கை ஒருத்தருமில்லை எண்டுதானே ரெண்டு வருஷமாக் கதிரையில இருந்தனீங்கள்.”

“நான் அப்பிடிச் சொல்லேல்லை. ஒளிச்சிருக்கிறார் எண்டுதான் சொன்னன்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வயிறு நோகும். நொந்துகொண்டே சிரித்தாள்.

பிறகுதான் பயம். பாதியை அப்படியே கொடுத்தால் தொண்டையில் நிற்கும். நகத்தளவு நுள்ளி அவள் நாக்கில் வைத்து ஒரு கரண்டி தண்ணீர் விட்டேன். கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருமினாள். தலையைத் தாங்கிப் பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் தொண்டை அசைந்தது, இறங்கியது. அடுத்த துண்டு. அதற்கு அடுத்தது. நெல் மூட்டை தூக்கின கை இது; அவ்வளவு சின்ன வேலை அதற்கு முன் செய்ததில்லை. கடைசித் துண்டு இறங்கியதும் அவள் வாயைத் திறந்து காட்டினாள். ஒன்றும் மிச்சமில்லை.

நான் பெட்டிக்குள் தண்ணீர் விட்டு அலசி, குசினி வாசலால் வெளியே ஊற்றப் போனேன்.

“ஊத்தாதேங்கோ” என்றாள். “துகள் கிடக்கும். அதைக் குடிக்க வேணும்.”

“நீ குடி, தாறன்.”

“எனக்கு இனி இறங்காது. நீங்கள் குடியுங்கோ.”

இப்போது என்னைக் கட்டாயப்படுத்த ஒருவரும் இல்லை. சொன்னவளுக்குக் கையைத் தூக்கவும் பலமில்லை. மாட்டேன் என்று நான் சொல்லியிருந்தால் அவள் கண்ணை மூடிக்கொண்டிருப்பாள், அவ்வளவுதான். ஊற்ற நீட்டிய கையை உள்ளே இழுத்தேன். பிறகு அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று குடித்தேன். தண்ணீர் பித்தளை மணத்தது. அடியில் ஒட்டியிருந்ததற்காக இன்னொரு முறையும் தண்ணீர் விட்டேன்.