அரை அங்குலத் தழும்பு

என் மூத்த அக்காவின் கணவரை எல்லோரும் 'பீரோ' என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் கம்பெனியில் வேலை. நாலு பேர் பிடிக்க வேண்டிய இரும்பு பீரோவைத் தனியாக முதுகில் சுமந்து மூன்று மாடி ஏறினார் என்பதுதான் அவருடைய வாழ்நாள் சாதனை. தள்ளுவண்டி லாரியிலேயே கிடக்கும். அது சோப்ளாங்கிகளுக்காம்.

நாற்பத்தாறு வயதில் ஒரு வாஷிங் மெஷினைத் தூக்கும்போது இடுப்பில் சுளீரென்றது. வலி இடது பாதம்வரை இறங்கியது. முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவது ஸ்கேனில் தெரிந்தது. மாத்திரையும் ஓய்வும் போதும், பலருக்கு அதிலேயே சரியாகிவிடும் என்றார்கள். நம்மாள் ஓய்வு எடுத்த லட்சணம், பக்கத்து வீட்டு பைக்கைத் தூக்கித் திருப்பி வைத்தார். பாதம் தரையில் இழுபட ஆரம்பித்ததும் ஆபரேஷன் என்று முடிவானது.

உடனே சின்ன அக்காவின் கணவர் வந்து சேர்ந்தார். போன வருஷம் அவருக்கும் இதே ஆபரேஷன், மெல்லிய குழாய் விட்டுச் செய்தது. அன்றுமுதல் யார் வந்தாலும் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டுவார், ஏதோ விருது வாங்கியவர் மாதிரி.

"பாத்தீங்களா சகலை? அரை அங்குலம்கூட இல்ல. மறுநாளே வீட்டுக்கு வந்துட்டேன்."

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "மைக்ரோஸ்கோப் வச்சுக் கொஞ்சம் பெருசாத் திறந்தாலும் சரி, குழாய் விட்டாலும் சரி, உள்ளருந்து எடுக்கறது ஒரே துண்டுதான். குழாய்னா முதல் சில நாள் முதுகு வலி கம்மியா இருக்கலாம். ஆறு மாசம் கழிச்சுப் பாத்தா பெரிய வித்தியாசம் இருக்காது. உங்களுக்கு ரெண்டுமே ஒத்துவரும். ஆனா ஆறு வாரம் குனியக்கூடாது, எதையும் தூக்கக்கூடாது. நடங்க, அது போதும்."

அத்தான் காதில் விழுந்தது குழாய் மட்டும்.

குழாய் விட்டே ஆபரேஷன் செய்தார்கள்; கால் வலி அன்றைக்கே போய்விட்டது. ஒன்பதாம் நாள் "சும்மா பாத்துட்டு வரேன்" என்று வேலை நடக்கும் இடத்துக்குக் கிளம்பினார். படிக்கட்டில் இரண்டு ஆட்கள் சோபாவோடு திணறிக்கொண்டிருந்தார்கள். "தள்ளுங்கப்பா" என்றாராம். அதே லாரியில், அதே சோபாமேல் படுக்க வைத்துக் கொண்டுவந்தார்கள்.

வட்டு மறுபடி பிதுங்கியிருந்தது. இந்த முறை டாக்டர் கேட்கவே இல்லை, திறந்துதான் செய்தார். கட்டுப் பிரித்த அன்று அக்கா கட்டில் ஓரத்தில் நின்று பார்த்தாள்.

"ரெண்டு தழும்பு ஆச்சு. உங்க சகலையை ஜெயிச்சுட்டீங்க. திருப்தியா?"

அதற்குப் பிறகு, புத்தி வந்தல்ல, அக்காவுக்குப் பயந்து, சொன்னபடி கேட்டார். பக்கவாட்டில் புரண்டு எழுவதிலிருந்து நாற்காலியில் உட்காருவதுவரை, பிசியோதெரபிஸ்ட் பெண், சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல, சொல்லிக்கொடுத்தாள். மாடி வராந்தாவில் காலை பத்து நிமிஷம், மாலை பத்து நிமிஷம் நடை. நாலு மாதம் கழித்துக் கம்பெனியில், ஏற்ற வேண்டிய சாமான்களை அளவெடுக்கும் வேலை கொடுத்தார்கள்.

வலி இல்லை. ஆனால் இடது கால் விரல்களில் மரமரப்பு அப்படியே நின்றுவிட்டது. தெருவில் செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாமல், எந்த ஆபரேஷன் உசத்தி என்று யாருக்காவது விளக்கிக்கொண்டே நடப்பார். பத்தடி பின்னால் அக்கா அதைக் கையில் எடுத்துக்கொண்டு வருவாள்.