அவள் வருவதில்லை என்று சொன்னேன்

ஒரு பிள்ளை கிம்னாசியத்தில், நேராகப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோகும் பள்ளிக்கூடத்தில், தொடர்ந்து படிக்க முடியாமல் போனதற்கு நான் காரணம். அவள் உதவி வகுப்புக்கு வருவதில்லை என்று அவளுடைய பள்ளிக்கூடத்தில் போய்ச் சொன்னேன். சொன்னது உண்மை. ஆனால் அவளால் வர ஏலாத நேரத்துக்கு வகுப்பை மாற்றியவனும் நான்தான்.

எனக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. ஊரில் கணித ஆசிரியராக இருந்தேன். அகதியாகப் பேர்லினுக்கு வந்து உணவகம் ஒன்றில் கோப்பை கழுவினேன், பிறகு ஓய்வு பெறும்வரை தபால் பிரிக்கும் இடத்தில் நின்றேன். வேலை எதுவானாலும் நகரின் நொய்கெல்ன் பகுதியில் எங்கள் ஆட்களுக்கு நான் மாஸ்டர். தமிழ்க் கடை ஒன்றின் பின்புறத்தில் எங்கள் சங்கம் வாடகைக்கு எடுத்திருந்த அறையில், வாரத்தில் சில பின்னேரங்களில் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுத்தேன்.

ஊர் டியூட்டரிகளின், தனியார் டியூஷன் வகுப்புகளின், வழக்கத்தை அப்படியே கொண்டுவந்திருந்தேன். மாதம் ஒரு பரீட்சை. புள்ளிகளைச் சத்தமாக வாசிப்பேன். கூடின புள்ளி எடுத்த பிள்ளைகள் முன் வரிசை வாங்குப் பலகையில், குறைந்தவர்கள் பின் வாங்கில். பெற்றோருக்கு இது நல்ல விருப்பம். கோயிலில் சந்தித்தால், பிள்ளை எப்படிப் படிக்கிறான் என்று கேட்பதற்குப் பதிலாக எத்தனையாம் வாங்கு என்றுதான் கேட்பார்கள்.

ஒரு பனிக்காலத்தில் அறையின் ஹீட்டர் பழுதாகிவிட்டது. பிள்ளைகள் ஜாக்கெட்டோடு இருந்து கணக்குச் செய்தார்கள். அந்த நேரத்தில்தான், ரோமா குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் படிப்பில் உதவி செய்யும் சங்கங்களுக்கு நகர நிர்வாகத்தில் மானியம் கொடுக்கிறார்கள் என்று எங்கள் பொருளாளர் அறிந்து வந்தார். ருமேனியாவிலிருந்தும் பல்கேரியாவிலிருந்தும் வந்த ரோமாக்கள் எங்கள் தெருக்களில் நிறையப் பேர் இருந்தார்கள். நாடோடிகள் என்று ஐரோப்பா முழுக்கத் துரத்தப்பட்ட சனம். எங்கள் ஆட்கள் அவர்களை, ஊரில் நாடோடிகளை இழிவாகச் சொல்லும் பெயரால்தான் தங்களுக்குள் சொல்லுவார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

"ஒரு அன்ட்ராக் போடுவம் மாஸ்டர்," என்றார் பொருளாளர். "எங்கட வகுப்பிலயே அவையளையும் சேர்க்கிறம் எண்டு எழுதுங்கோ."

வந்தால் எங்கே இருத்துவது என்று கேட்டேன்.

"அவையள் எங்க வரப்போகினம்?"

அந்த நம்பிக்கையில்தான் அன்ட்ராக்கை, அதாவது விண்ணப்பத்தை, எழுதினேன். என் ஜேர்மன் நல்ல ஜேர்மன். அகதிகளாக வந்த எங்களுக்கு ஒதுக்கப்படுவதன் வலி தெரியும் என்று எழுதினேன். எழுதும்போது என் கண் கலங்கியதுகூட ஞாபகம் இருக்கிறது. பணம் வந்தது. ஹீட்டர் வந்தது, புதிய வாங்குகள் வந்தன, பெரிய வெள்ளைப் பலகை வந்தது.

பிறகு அவளும் வந்தாள்.

தாய் கூட்டிக்கொண்டு வந்தார். கட்டடங்களில் துப்புரவு வேலை செய்பவர். அவருக்கு ஜேர்மன் கொஞ்சம்தான் தெரியும், அதனால் மகளே மொழிபெயர்த்தாள். பன்னிரண்டு பதின்மூன்று வயதிருக்கும். கிம்னாசியத்தில் ஏழாம் வகுப்பு. அந்த வகுப்பில்தான் கிம்னாசியம் தொடங்கும், முதல் வருடம் சோதனை வருடம். அது முடியும்போது பிள்ளையை வைத்திருப்பதா, வேறு பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதா என்று தீர்மானிப்பார்கள். வீடு மாறி மாறிப் பள்ளிக்கூடங்களும் மாறியதில் அவளுக்குப் பின்னங்கள் யாரும் ஒழுங்காகச் சொல்லிக் கொடுக்கவில்லை. மற்றப் பாடங்கள் பரவாயில்லை. கணிதம்தான் இழுத்தது.

அவளைக் கடைசி வாங்கில் இருத்தினேன். ஏன் அங்கே என்று கேட்டாள். வாங்கு ஒழுங்கை விளக்கினேன். சிரித்தாள்.

"அப்படியென்றால் இது கால்பந்து லீக். நான் இப்போது இரண்டாம் பிரிவில் இருக்கிறேன்."

அவள் படித்த வேகத்தை என்னவென்று சொல்வது. சொன்னதை ஒருமுறை செய்து பார்ப்பாள். பிழைத்தால் என்னிடம் வராமல் தானே அழித்துவிட்டு மறுபடி செய்வாள். அடுத்த பரீட்சையில் நடு வாங்குக்கு வந்தாள். அதற்கடுத்ததில் இரண்டாம் வாங்கு. அந்த முறை அவளுக்குப் பின்னால் போனவர்களில் பொருளாளரின் மகனும் ஒருவன். எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. புள்ளிகளை வாசித்தேன், பிள்ளைகள் எழும்பி இடம் மாறினார்கள். அவள் முன்னுக்குப் போகும்போது அவனைத் திரும்பிப் பார்த்து, "அடுத்த சீசனில் சந்திப்போம்," என்றாள். அவனும் சிரித்தான். பிள்ளைகளுக்குள் ஒரு பிரச்சினையும் இருக்கவில்லை.

பொருளாளர் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணி குடித்து முடியும்வரை வேறு கதை கதைத்தார்.

"உங்களில எங்களுக்கு நல்ல மரியாதை இருக்கு மாஸ்டர்," என்றார் பிறகு. "ஆனா எங்கட பெடியனை அந்தப் பெட்டைக்குப் பின்னால இருத்திப்போட்டியளே."

"புள்ளிப்படிதான் இருத்தினன் தம்பி."

"புள்ளியை ஆர் பிழை சொன்னது? சனம் கதைக்குது. வீட்டில மனுசி சோறு தின்னேல்ல."

இன்னும் சில குடும்பங்கள் பிள்ளைகளை நிற்பாட்டப் போவதாகவும் சொன்னார். அவர்கள் போனால் வகுப்பே இல்லை என்று எனக்குத் தெரியும். வகுப்பு இல்லாவிட்டால் நான் மாஸ்டரும் இல்லை. தபால் பிரித்த ஒரு கிழவன், அவ்வளவுதான்.

வாங்கு ஒழுங்கை விட்டுவிட்டு எல்லோரையும் கலந்து இருத்தியிருக்கலாம். அது என் புத்தியில் வரவேயில்லை. அவளுக்கென்று தனி வகுப்பு வைக்கிறேன் என்றேன், சனிக்கிழமை காலையில். தனிக் கவனிப்பு என்று அதற்கு ஒரு பெயரும் வைத்தேன்.

சனிக்கிழமை காலையில் அம்மாவுக்கு வேலை, சின்னவர்கள் இருவரைத் தான்தான் பார்க்க வேண்டும் என்று அவள் அப்போதே சொன்னாள். முயற்சி செய்து பார் என்றேன்.

முயற்சி செய்தாள். தம்பியையும் தங்கையையும் கூட்டிக்கொண்டு வந்தாள். தங்கை ஒரு மூலையில் போய் இருந்துவிட்டாள். தம்பி வெள்ளைப் பலகையில் ஒரு பஸ் கீறத் தொடங்கினான். வகுப்பில் பதியாத பிள்ளைகள் அறையில் நிற்கக் கூடாது, விபத்து நடந்தால் காப்புறுதி இல்லை என்று சொன்னேன். தமிழ்ப் பிள்ளைகளின் தம்பி தங்கைகள் எத்தனையோ பின்னேரம் அதே அறையில் ஓடி விளையாடியிருக்கிறார்கள். அவள் தம்பியின் கையிலிருந்த பேனையை வாங்கி, மூடி போட்டு, இருந்த இடத்தில் வைத்தாள். பிறகு மூவரும் போனார்கள். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. நான் தொலைபேசியில்கூட ஏன் என்று கேட்கவில்லை.

பள்ளி வருட முடிவில், என்னிடம் படிக்கிறாள் என்று அறிந்து, அவளுடைய பள்ளிக்கூடத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். கணிதப் புள்ளி எல்லையில் நின்றது. வெளியில் ஒழுங்காக உதவி பெறுகிறாள் என்றால் வைத்திருக்கலாம் என்று வகுப்பாசிரியை நினைத்தார். நல்ல மனுசி. எனக்குக் கோப்பி ஊற்றித் தந்தார். உங்களிடம் ஒழுங்காக வருகிறாளா என்று கேட்டார்.

"இல்லை," என்றேன். "பல வாரங்களாக வரவில்லை."

அவர் பெருமூச்சு விட்டார். இந்தக் குடும்பங்களில் இப்படித்தான், தொடங்குவார்கள், பிறகு விட்டுவிடுவார்கள் என்றார். நான் தலையாட்டினேன். "இல்லை" என்ற சொல்லைவிட அந்தத் தலையாட்டல்தான் இன்று என்னைக் கூடுதலாக வதைக்கிறது.

என் அப்பாவின் காலத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சாதியின் பேரால் சில பிள்ளைகளை வாங்கில் இருக்க விடாமல் நிலத்தில் இருத்தினார்கள். அந்த அநியாயத்தைப் பற்றி நான் இங்கே மேடைகளில் பேசியிருக்கிறேன். பேசிவிட்டுக் கைதட்டும் வாங்கியிருக்கிறேன்.

கோடை விடுமுறையில் தமிழ்க் கடையில் அவளைக் கண்டேன். எங்கள் கடையில் வெண்டிக்காய் மலிவென்று தாய் அனுப்பியிருந்தார். வேறு பள்ளிக்கூடத்துக்குப் போகப்போவதாகச் சொன்னாள்.

"நான் வருவதில்லை என்று நீங்கள் சொன்னீர்களாம்."

ஓம் என்றேன்.

"சரிதானே. நான் வரவில்லைத்தானே," என்றாள். அவள் குரலில் கோபமே இல்லை. தன்னுடைய பிழை என்று நம்பியிருந்தாள்.

பள்ளிக்கூடம் திறந்த கிழமையே போய் வகுப்பாசிரியையிடம் நடந்ததைச் சொன்னேன். தீர்மானம் எடுத்தாயிற்று, அந்த இடமும் வேறு பிள்ளைக்குப் போய்விட்டது, இனித் திருப்ப முடியாது என்றார். புதிய பள்ளிக்கூடத்திலிருந்தும் மேல்வகுப்புக்குப் போகலாம், ஆனால் அது சுற்றுப் பாதை என்றும் சொன்னார்.

மானியம் கொடுத்த இடத்திலும் சொல்லப் போகிறேன் என்று பொருளாளரிடம் சொன்னேன்.

"காட்டிக் குடுக்கப் போறியளோ மாஸ்டர்?"

போரிலிருந்து வந்த எங்கள் சனத்திடம் இதைவிடக் கனமான கேள்வி கிடையாது. ஓம் தம்பி என்றேன். மானியத்தை நிறுத்தினார்கள், ஒரு பகுதியைத் திருப்பியும் கேட்டார்கள். அடுத்த முறை அது ரோமாக்களே நடத்தும் சங்கம் ஒன்றுக்குப் போனது. எங்கள் வகுப்பு சில மாதங்களில் கலைந்தது. கோயிலில் பொருளாளரின் மனைவி இப்போதும் என்னைக் கண்டால் மற்றப் பக்கம் பார்ப்பார்.

கடைசியாக அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனேன். முதலிலேயே போயிருக்க வேண்டும், பயத்தில் பின்போட்டேன். சமையலறை மேசையில் தாயும் மகளும் எனக்கு எதிரே இருந்தார்கள். நான் ஜேர்மனில் சொல்ல, அவள் தாய்க்கு மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. என்னுடைய குற்றத்தை அவளுடைய வாயால் சொல்ல வைக்கிறேன் என்பது தொடங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. வாங்கு, பெற்றோர், சனிக்கிழமை, காப்புறுதி, பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னேன். அவள் ஒரே ஒரு வசனம் சொன்னாள். என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"கதவைப் பூட்டியது இவர்தான் என்று சொன்னேன்."

வீட்டுக்கே வந்து, அவர்களுக்கு வசதியான நேரத்தில், காசில்லாமல் கணிதம் சொல்லித் தருகிறேன் என்றேன். தாய் என்னைப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் பேசினார்.

"வேண்டாமாம்," என்றாள் மகள்.

"வேறும் ஏதோ சொன்னாரே?"

"சொன்னார். அதை நான் மொழிபெயர்க்க மாட்டேன்."

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு நான் போகவில்லை. சென்ற ஆண்டு சுப்பர்மார்க்கெட்டில் தாயைக் கண்டேன். ஒதுங்கிப் போயிருக்கலாம். ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை. மகள் எப்படிப் படிக்கிறாள் என்று கேட்டேன். அவருடைய ஜேர்மன் இப்போது திருந்தியிருந்தது.

"போகிறாள்," என்றார். "ஒவ்வொரு நாளும் போகிறாள்."

அவள் போவாள் என்று எனக்குத் தெரியும் என்றேன்.

"உங்களுக்குத் தெரியாது," என்று சொல்லிவிட்டு வண்டிலைத் தள்ளிக்கொண்டு காசு கொடுக்கும் வரிசைக்குப் போனார்.