தொடாமலே அழித்த ஆயிரத்து நூற்று நாற்பது ஷூக்கள்

ஷூ தொழிற்சாலையின் மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை. பழைய துடைப்பங்களும் ஓடாத மின்விசிறிகளும் போக மிச்சமிருந்த இடத்தில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு மனுஷன். அந்த மனுஷனுக்குத் தொடாமணி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது சம்பளச் சீட்டோடு சரி.

எந்த ஃபைலையும் திறக்காமலே அதன் ஜாதகத்தைச் சொல்லிவிடுவார், அதனால்தான் அந்தப் பட்டம். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. இந்த ஃபைலைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று அவர் எழுதின புரோகிராம் ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் கேட்கும். எத்தனை பெரிசு, யாருடையது, கடைசியாக எழுதினது எப்போது, படித்தது எப்போது என்று சிஸ்டம் ஒரு சீட்டு நீட்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் எட்டிப் பார்க்க வேண்டாம்.

"தபால்காரர் லெட்டரைப் பிரிச்சா படிக்கிறாரு? உறையைப் பாத்தாப் போதும்" என்பார் பெருமையாக.

வீட்டிலும் இதே கதைதான். பாத்திரத்தின் மூடியைப் பார்த்தே உள்ளே என்ன, எவ்வளவு என்று சொல்ல ஆரம்பிப்பார். அவர் மனைவி கரண்டியை ஓங்கிக்கொண்டு, "மூடியைப் பாத்தா வயிறு நிறைஞ்சிடுமா? எடுத்துப் போட்டுத் தின்னுங்க" என்பாள்.

அந்த மனைவியின் அண்ணன்தான் தொழிற்சாலையின் பேட்டர்ன் மாஸ்டர். ஒரு ஷூவுக்குத் தோலை எந்த வடிவத்தில் வெட்ட வேண்டும் என்று வரைந்து கொடுப்பவர். இருபத்திரண்டு வருஷமாக அவர் வரைந்ததெல்லாம் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. மூன்று மாதமாக மச்சானும் மாப்பிள்ளையும் பேசிக்கொள்வதில்லை. "உங்க பேட்டர்ன் ஒவ்வொண்ணும் டிஸ்க்குல எருமை மாதிரி படுத்திருக்கு மச்சான்" என்று தொடாமணி வாய்விட்டதில் வந்த வினை. அதிலிருந்து இரண்டு பேருக்கும் தூது அந்த மனைவிதான். அவளுக்கும் அலுத்துவிட்டது. "இன்னொரு தடவை எங்கண்ணன் மனசு நோகும்படி ஏதாவது பண்ணுங்க, அப்புறம் சோறு உங்க கம்ப்யூட்டர் போடும்" என்று சொல்லி வைத்திருந்தாள்.

இந்த நேரம் பார்த்து டிஸ்க் நிறைந்துவிட்டது. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. நகல் வைத்திருந்த இன்னொரு டிஸ்க் போன மாதமே செத்துப் போயிருந்தது. புதிது கேட்டு எழுதின மனு மானேஜர் மேசையில் டீ கிளாசுக்கு அடியில் கிடந்தது.

"புதுசெல்லாம் அப்புறம் பாக்கலாம். யாரும் தொடாததையெல்லாம் தூக்கிப் போடு" என்றார் மானேஜர்.

தொடாமணிக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி இருந்தது. பதினாலே வரியில் புரோகிராம். பொது ஃபோல்டரில் இருக்கிற ஒவ்வொரு ஃபைலையும் விசாரி. இரண்டு வருஷமாக யாரும் படிக்காததை அழி. அழிக்கப் போகிறவற்றின் பட்டியல் நாற்பத்து மூன்று பக்கம் வந்தது. மானேஜர் அதைக் கையில் தூக்கி எடை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். காலை பத்து மணிக்குத் தொடாமணி பொத்தானைத் தட்டினார்.

பத்து இருபதுக்கு வெட்டு மிஷின் நின்றது. அதை ஓட்டுகிற அக்கா மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வந்தாள்.

"தம்பி, இருநூத்திப் பதிமூணாம் நம்பர் பேட்டர்ன் எங்கே?"

"அதை ரெண்டு வருஷமா யாருமே தொடலையேக்கா."

"தொடலையா? நேத்து சாயந்திரம் முந்நூறு ஜோடி வெட்டினேனே, அதை உங்க தாத்தாவா வந்து வெட்டினாரு?"

சிரிக்கப் போன தொடாமணிக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. ஒரு ஃபைலைத் திறந்து படித்தார். பிறகு சிஸ்டத்திடம் அது கடைசியாகப் படிக்கப்பட்டது எப்போது என்று கேட்டார். ஐந்து வருஷத்துக்கு முன் என்றது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன் கம்ப்யூட்டர் மந்தமாக ஓடுகிறது என்று எல்லோரும் கத்தினார்கள். ஒவ்வொரு முறை யாராவது ஒரு ஃபைலைப் படிக்கும்போதும் சிஸ்டம் அந்த நேரத்தைக் குறித்து வைத்துக்கொண்டிருந்தது. அது வேண்டாத வேலை என்று நிறுத்தி வைத்த புண்ணியவான் இதே தொடாமணிதான். அதற்கப்புறம் வந்த ஃபைலுக்கெல்லாம் பிறந்த நாளே கடைசியாகப் படித்த நாள். பட்டப்பகலில் தினமும் வெட்டிக்கொண்டிருந்த பேட்டர்ன்களைப் பிணம் என்று சொல்லிப் புதைத்துவிட்டார். ஆயிரத்து நூற்று நாற்பது.

செய்தி பரவ எவ்வளவு நேரம் ஆகும்? மச்சான் வந்து வாசலில் நின்றார். மூன்று மாதத்துக்குப் பிறகு முதல் பேச்சு.

"மாப்ளே, என் எருமைங்க எல்லாம் எங்கே?"

தொடாமணி எழுந்து நின்றார். "மச்சான்... மேய்ச்சலுக்குப் போயிருக்கு."

"திரும்பி வருமா?"

தொடாமணி செத்துப்போன நகல் டிஸ்க்கைப் பார்த்தார். மச்சான் திட்டியிருந்தால் தேவலை. சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். அந்த நேரம் மானேஜர் உள்ளே பாய்ந்தார்.

"என்னய்யா வேலை பாக்கிறே? அழிச்சேன் அழிச்சேன்னு சொன்னே, டிஸ்க் இன்னும் தொண்ணூத்தேழு காட்டுது!"

"சார், இப்ப அதுவா..." என்று ஆரம்பித்த தொடாமணி அப்படியே நிறுத்தினார். "எவ்வளவு சொன்னீங்க?"

"தொண்ணூத்தேழு!"

"உங்க வாய்க்குச் சர்க்கரைதான் போடணும் சார்!"

மானேஜருக்கு இவருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று சந்தேகம் வந்தது. இத்தனை எருமை போயும் தொழுவத்தில் இடம் விழவில்லை என்றால், எருமைகள் தொழுவத்துக்குள்ளேதான் இருக்க வேண்டும். தொடாமணி நாற்பத்து மூன்று பக்கத்தையும் பிடுங்கிப் பிரித்தார். சிஸ்டம் கொடுத்த சீட்டில் எல்லாம் இருந்தது. ஒவ்வொரு ஃபைலுக்கும் டிஸ்க்குக்குள் ஒரு சொந்த எண். அதற்குப் பக்கத்தில், அந்த ஃபைலுக்கு எத்தனை பெயர் என்று ஒரு கட்டம். பழைய பேட்டர்ன் அத்தனைக்கும் அந்தக் கட்டத்தில் இரண்டு. ஒரு பெயரைத்தான் இவர் அழித்திருக்கிறார். இன்னொரு பெயர் இருக்கிறவரைக்கும் சிஸ்டம் உள்ளே இருப்பதை விட்டுவிடாது. உறையைப் படிக்கிற மகாராசன் உறையையும் முழுசாகப் படிக்கவில்லை.

"இன்னொரு பேர் யார் வெச்சது?"

வெட்டு மிஷின் அக்கா கையைப் பிசைந்தாள். "நான்தான். நம்பர் ஞாபகம் இருக்க மாட்டேங்குதுன்னு அப்போ உன்கிட்ட சொன்னேன். நகல் எடுத்தா இடம் போயிடும், அதே ஃபைலுக்கு இன்னொரு பேர் வெச்சுக்கோங்கன்னு நீதானே சொல்லிக் குடுத்தே? போன வருஷம் புது மிஷின் வந்ததும் நம்பரைத் தவிர வேற எதையும் கேக்க மாட்டேன்னுது. என் ஃபோல்டரை நானே மறந்துட்டேன்."

"அக்கா, நீங்க தெய்வம்!"

"தெய்வமெல்லாம் வேண்டாம். அந்தப் பேருங்களைச் சத்தம் போட்டு மட்டும் படிக்காதே."

ஆனால் மச்சான் விடவில்லை. "படிங்க. என் சரக்கு சரியா வருதான்னு நான் பாக்கணும்."

தொடாமணி டிஸ்க் முழுக்க அந்தச் சொந்த எண்களை வைத்துத் தேடினார். ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. இருநூற்றுப் பதிமூன்று: 'தொப்பை சார்'. மானேஜர் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டார். முந்நூற்று ஐந்து, நாடா இல்லாத, எப்போதும் திறந்தே கிடக்கிற ஷூ: 'தொடாமணி வாய்'. நானூற்றுப் பதினெட்டு, முனை நீண்ட ஷூ: 'மாஸ்டர் மூக்கு'.

"என் மூக்கு அவ்வளவு நீளமா?" என்று மச்சான் அக்காவைக் கேட்டார்.

"யாரை நினைச்சு அந்த ஷூவை வரைஞ்சீங்கன்னு எனக்கென்ன தெரியும்?" என்று அவள் மிஷினைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஆயிரத்து நூற்று நாற்பதுக்கும் பழைய நம்பர் திரும்ப ஏறியது. புது டிஸ்க்குக்கான மனுவில் மானேஜர் டீக் கறைக்குப் பக்கத்திலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மிஷின் ஓட ஆரம்பித்தது. தொடாமணி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அவ்வளவுதான் மச்சான். அளவு, தேதி, எல்லாம் சரியா இருக்கு."

மச்சான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அளவும் தேதியும் நீங்களே வெச்சுக்கோங்க. ஒவ்வொண்ணாத் திறங்க. நான் கண்ணால பாக்கணும்."

"ஆயிரத்து நூத்தி நாப்பதையுமா?"

"தங்கச்சிக்கு போன் போடட்டுமா?"

திறந்தார். மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்தது, இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. மச்சான் ஒவ்வொன்றையும் பெற்ற பிள்ளையைப் பார்ப்பது போல் பார்த்து, "ம்" என்றார், "அடுத்தது" என்றார். நூற்று ஆறாவதில் "ம்" வரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். இடது குதிகாலின் தையல் கோடு அரை விரல் உள்ளே போயிருந்தது. பதினோரு வருஷமாக அப்படித்தான் வெட்டியிருக்கிறார்கள்.

மச்சான் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மாப்ளே, இது ஒண்ணை மட்டும் யாருக்கும் தெரியாம அழிச்சிடுங்க."

"ஐயோ மச்சான், நான் இனிமே எதையும் அழிக்கிறதா இல்லை" என்றார் தொடாமணி. "நூத்தி ஏழைத் திறக்கட்டுமா?"