பரஸ்தானப் பெட்டி

விஜயத்துக்குக் கல்யாணமாகி நாலு வருஷம். கணவர் சுப்பராமன் கொழும்பில் குமாஸ்தா. வருஷத்துக்கு ஒருமுறைதான் மதுரைக்கு வருவார். மற்ற நாளெல்லாம் மாமனார் பிச்சுமணியின் வீட்டில் அடுக்களை, கொல்லை, மறுபடி அடுக்களை.

1939-இல் சுப்பராமனின் துரை தனக்கு வாங்கிய விமானச் சீட்டைப் பயன்படுத்தவில்லை. கம்பெனியில் சொல்லி அதை விஜயத்தின் பெயருக்கு மாற்றிக் கொடுத்தார். சீட்டோடு வந்த ஆங்கிலக் கடிதத்தைப் படிக்க, பக்கத்துப் பள்ளியில் வாத்தியாரான என்னைக் கூப்பிட்டார்கள். வாடிப்பட்டிப் பக்கம் எங்கள் கிராமத்தில் பி.ஏ. தேறிய முதல் ஆள் நான். அட்லஸில் நூல் பிடித்து அளந்தே பிச்சுமணியிடம் சொன்னேன்: "திருச்சியிலருந்து கொழும்புக்கு இருநூத்தி எண்பது மைல் சொச்சம், சாமி. ரெண்டே மணி நேரம்!"

"அது கிடக்கட்டும் ஓய். என்னிக்குப் போறது?"

"வியாழக்கிழமை."

"அன்னிக்குத் தெற்கே சூலமாச்சே, புறப்படப்படாதே!"

அதற்கும் வழி இருந்தது. திங்கட்கிழமை நல்ல வேளையில் பயணப் பெட்டியை எதிர்வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால், அன்றே புறப்பட்டதாகக் கணக்கு. அதுதான் பரஸ்தானம். "எது இல்லாம போக முடியாதோ, அது பெட்டிக்குள்ள இருக்கணும்" என்று சீட்டையும் உள்ளே வைக்கச் சொன்னார் பிச்சுமணி. வைத்த பெட்டி வீடு திரும்பக் கூடாது என்றும் சொன்னார்.

எதிர்வீட்டு அனந்தராமனுக்குப் புதன்கிழமை தந்தி வந்தது, மாமியாருக்கு உடம்பு மோசமென்று. பெட்டியை மறந்து, வீட்டைப் பூட்டிக்கொண்டு கும்பகோணம் போய்விட்டார்.

"ஒரு கடப்பாரை குடுங்க சாமி, ஒடைச்சுத் தாரேன்" என்றேன்.

"உம்ம பி.ஏ.வுல பூட்டு உடைக்கவும் சொல்லித் தந்தாளா? அடுத்தவா ஆத்துப் பூட்டை உடைச்சுண்டு எவனாவது பிரயாணம் கிளம்புவானா?"

வியாழக்கிழமை முழுதும் விஜயம் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி எதிர்வீட்டுப் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். திருச்சி ரயில் போயிற்று. விமானமும் போயிருக்கும்.

வெள்ளிக்கிழமை அனந்தராமன் வந்து கதவைத் திறந்தார்.

"பெட்டியை எடுத்துண்டு வா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார் பிச்சுமணி.

விஜயம் எதிர்வீட்டுக்குள் போனாள். பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"வெச்ச பெட்டி ஆத்துக்குத் திரும்பப்படாதுன்னு நீங்கதானேப்பா சொன்னேள்? நான் புறப்பட்டாச்சு."

மறுநாள் பிச்சுமணியே அவளைக் கப்பல் வழியாகக் கொழும்புக்குக் கொண்டுவிட ராமேஸ்வரம் ரயிலில் அழைத்துப் போனார். கப்பல் ஏறுமுன், மூன்றாம் வகுப்புக்காரர்களை நோய்த் தடுப்புக்கென்று மண்டபம் முகாமில் பல நாள் அடைத்து வைப்பார்கள். மாமனாரும் மருமகளும் அங்கே மாட்டிக்கொண்டார்கள். வேலி, வெயில், மணல்.

அடுத்த வியாழக்கிழமை தலைக்கு மேல் விமான இரைச்சல் கேட்டதாம். விஜயம் முள்வேலியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாளாம். திரும்பி வந்தபின் பிச்சுமணியே என்னிடம் சொன்னார்:

"'அப்பா, இன்னிக்கும் தெற்கே சூலந்தானே? அது பாட்டுக்குப் போறதே'ன்னு கேட்டா ஓய். அது போயிடுத்து. நாங்க உள்ளே இருந்தோம்."