இருட்டு மண்டபத்தில் ஸ்டூடியோக்காரி

என் நாத்தனாருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் பெண்டாட்டி போட்டோ ஸ்டூடியோவில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவள். நாங்கள் அவளை ஸ்டூடியோக்காரி என்றுதான் சொல்வோம். இளையவன் ஒரு பாட்டுக் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவன். தவழுகிற வயசிலேயே சட்டிமுட்டி எதையும் தட்டாமல் விடமாட்டான். அதனால் 'இடி' என்று பேராகிவிட்டது.

இடிக்கு வலிப்பு உண்டு. குடும்பத்தில் ஆறு பேருக்குத்தான் தெரியும், அதில் நான் ஒருத்தி. கைகால் வெட்டுவதெல்லாம் பிறகு. முதலில் ஆள் அப்படியே உறைந்துபோவான். கண் திறந்திருக்கும், கூப்பிட்டால் காதில் விழாது. நாலைந்து எண்ணுவதற்குள் சாய்ந்துவிடுவான். மாத்திரை தின்றும் அந்த வருஷம் இரண்டு தடவை வந்தது. குழுவில் தெரிந்தால் வேறு ஆளை உட்கார வைத்துவிடுவார்கள் என்று அவன் வாயே திறக்கவில்லை. மேடையில் அவன் உட்காரும் பலகையோ ஆள் உயரம். பின்னால் தடுப்பு கிடையாது.

நாத்தனாருக்குச் சோறு இறங்கவில்லை. மருமகளைக் கூப்பிட்டாள்.

"ஏம்மா, உங்கிட்டதான் கேமரா இருக்கே. படம் எடுக்கறேன்னு சொல்லி மேடைக்கு முன்னாடி போய் நில்லு. அவன விட்டுக் கண்ண எடுக்காத."

"அத்தே, உக்கார வச்சு லைட்டப் போட்டு 'சிரிங்க'ன்னு சொல்லி எடுக்கத்தான் எனக்குத் தெரியும். அந்தக் கச்சேரி மண்டபத்துல கும்மிருட்டு."

"அவன் விழுந்தா புடிக்கத் தெரியும்ல? அது போதும்."

அது போதவில்லை. மண்டப மேலாளர் கறாரான ஆள். ஃபிளாஷ் கூடாது. படமெடுப்பவர்கள் முதல் மூன்று பாட்டுக்குத்தான் மேடைக்கு முன்னால் நிற்கலாம். "படம் நல்லா இருந்தா அடுத்த தடவ கடைசி வரைக்கும் நில்லுங்க. இல்லேன்னா உள்ளயே விடமாட்டேன்" என்றுவிட்டார்.

முதல் நாள் எடுத்ததைக் கேமராவின் பின்பக்கத் திரையில் பார்த்தாள். பளிச்சென்று இருந்தது. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டால் ஒரே கரி. இருட்டுக்குள் அந்தத் துளித் திரை விளக்கு மாதிரி எரியும், மங்கின படத்தையும் பளிச்சென்று காட்டும். வெளிச்சமான அறையிலேயே காலம் தள்ளியவளுக்கு அந்த ஏமாற்று தெரியவில்லை. கொஞ்சம் தெரிந்த படங்களிலும் அசைவு கலைந்து இடிக்கு எட்டுக் கை.

"என்ன அண்ணி, காவலுக்கு வந்தீங்களா, என்னை ஆக்டோபஸ் ஆக்க வந்தீங்களா?"

"பல்லக் காட்டாத. மாத்திர போட்டியா?"

"போட்டேன், போட்டேன். நீங்க எங்கம்மாவுக்கு மேல இருக்கீங்க."

மேலாளரிடம் கெஞ்சி இன்னொரு நாள் வாங்கினாள். அதற்குள் பத்து நாள் இருந்தது. இடி பழகுகிற அறையில் திரைச்சீலையை இழுத்துவிட்டு, ஒரே ஒரு விளக்கை வைத்துக்கொண்டு அவன் எதிரே உட்கார்ந்தாள். லென்ஸை முழுக்கத் திறந்தாள். படம் புள்ளி புள்ளியாகப் போனாலும் போகட்டும் என்று, துளி வெளிச்சத்தையும் குடிக்கிற சக்தியைக் கேமராவில் ஏற்றினாள். கடைசியில் ஒன்றைக் கண்டுபிடித்தாள். குச்சி உச்சிக்குப் போய்த் திரும்புகிற இடத்தில் கை ஒரு கண்சிமிட்டு நேரம் நிற்கிறது. அங்கே அமுக்கினால் கை கலையாது. ஏறுது, நிக்குது, இறங்குது என்று வாய்க்குள் சொல்லிச் சொல்லி, சோறு வடிக்கும்போதும் அதையே முணுமுணுத்தாள்.

இரண்டாம் தடவை மூன்று பாட்டு முடிந்ததும் மேலாளர் படங்களைத் தன் அறை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். "கடைசி வரைக்கும் நில்லுங்க" என்றார். அவள் திரும்பவும் இடிக்கு எதிரே போய் நின்றாள். இனிமேல் நிற்கிற ஒவ்வொரு நிமிஷமும் காவல்தானே.

ஆறாவது பாட்டு. ஏறுது. நிக்குது. அமுக்கினாள்.

இறங்கவில்லை.

இரண்டு குச்சியும் மேலேயே நின்றன. பாட்டில் ஏதோ புது ஜோடனை என்று நினைத்து ஜனங்கள் கைதட்டினார்கள். பாடுகிறவன்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அந்த மண்டபம் முழுக்க அவள் ஒருத்திக்குத்தான் அது என்னவென்று தெரிந்தது. கேமராவைக் கீழே போட்டுவிட்டு, சேலை கிழியக் கிழிய மேடையேறி, அவன் பலகை மேலும் ஏறினாள். அவன் பின்னால் சாய்ந்துகொண்டிருந்தான். சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துத் தன் மேல் போட்டுக்கொண்டாள். இரண்டு பேரும் பலகையிலேயே விழுந்தார்கள். அவளுக்கு மணிக்கட்டு பிசகிற்று. அவன் தலையில் ஒரு கீறல் இல்லை.

விஷயம் ஊருக்கே தெரிந்தது. வைத்தியர் மாத்திரையை மாற்றினார். குழுவில் வேறு ஆள் உட்கார்ந்தான். "தேறி வா, பாக்கலாம்" என்று சொல்லியனுப்பினார்கள்.

கேமரா உடைந்தாலும் கடைசியாக அமுக்கின படம் தப்பிவிட்டது. அவள் எடுத்ததிலேயே துல்லியமான படம் அதுதான். குச்சியின் கீறல்கூடத் தெரியும், நெற்றி வியர்வை ஒவ்வொரு சொட்டாக எண்ணலாம். அவள் அதை யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தாள். இடிதான் விடவில்லை.

"காட்டுங்க அண்ணி. அப்ப நான் எங்க இருந்தேன்னு எனக்குத் தெரியல. பாக்கணும்."

காட்டினாள். நானும் பக்கத்தில்தான் இருந்தேன். ரொம்ப நேரம் பார்த்தான். படத்தில் திறந்திருந்த தன் கண்ணை விரலால் தொட்டுப் பார்த்தான்.

"இதுல யாருமே இல்லையே அண்ணி" என்றான்.

அன்று மேடையில் பிடித்த மாதிரியே அவள் அவன் காலரைப் பிடித்துக்கொண்டாள்.