மினசோட்டா ஏரியின்மேல் ஒரு ஞாயிற்றுக்கிழமை

வெள்ளிக்கிழமை முற்பகல் ஹீத்ரோவில் விமானம் ஏறியபோது லண்டனில் ஒன்பது பாகை, வழக்கமான தூறல். அன்று பின்னேரம் மினியாபொலிஸ் விமான நிலையக் கதவைத் தாண்டி இழுத்த முதல் மூச்சிலேயே மூக்கினுள் இருந்த ஈரம் உறைந்து முள்ளாகக் குத்தியது. பூச்சியத்துக்குக் கீழே இருபத்தாறு பாகை. நான் ஊர் பார்க்கப் போகவில்லை. என் தங்கை தாரணியை லண்டனுக்குத் திரும்பக் கூட்டிவரப் போயிருந்தேன்.

தாரணி ஹவுன்ஸ்லோவில் ஒரு பாலர் பள்ளியில் வேலை செய்தவள். ஈரோட்டுக்காரரான கார்த்திக்கை மணந்து, அவருடைய தொழிற்சாலை வேலைக்காக இரண்டு வருடங்களுக்கு முன் மினசோட்டாவின் சிற்றூர் ஒன்றுக்குப் போனாள். ஊரின் பெயரை எழுதவேண்டாம் என்று கேட்டிருக்கிறாள். அங்கே இருப்பது ஒரே தமிழ்க் குடும்பம். எழுதினால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அவளுடைய விசாவில் வேலை செய்ய அனுமதி இல்லை. போன மாதம் தொலைபேசியில், "அக்கா, இனி என்னாலை ஏலாது. வெளியிலை ஒரு மனுசரையும் காணேலாது," என்று அழுதாள்.

விமான நிலையத்துக்குக் கார்த்திக்தான் வந்திருந்தார். வடமேற்கே நூற்று நாற்பது மைல் ஓட்டம். வீதியின் இருபுறமும் சோள வயல்கள் வெள்ளைக்குள் புதைந்து கிடந்தன. சூரியன் சாயத் தொடங்கியதும், "அக்கா, முன்னாடி பாருங்க," என்றார். சூரியனுக்கு இடமும் வலமும் இன்னும் இரண்டு சின்னச் சூரியன்கள், ஓரத்தில் வானவில் நிறத்தோடு. நான் வாயைத் திறந்தபடி இருந்தேன்.

"காத்துல இருக்கிற பனித்துகள்ல வெளிச்சம் பட்டா இப்படி ஆகும். கடுங்குளிர்லதான் நல்லாத் தெரியும்."

"உங்களுக்கு இந்த ஊர் பிடிச்சிருக்கோ?"

"ஆமாக்கா, ரொம்ப. ஆனா அவளுக்குப் பிடிக்கலைன்னா வேலையை விட்டுட்டு வர்றேன்னு சொல்லிட்டேன். அதைச் சொன்னாலும் அழறா."

மூன்று சூரியன்களும் மறையும்வரை நான் முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை ஊரைச் சுற்றிப் பார்த்தோம். பிரதான வீதியைப் பத்து நிமிடத்தில் நடந்து முடிக்கலாம், நடப்பதற்கு ஆள் இருந்தால். எல்லோரும் காருக்குள் இருந்து கை காட்டுகிறார்கள். மூன்று டொலருக்குக் கோப்பி வாங்கினால் போதும் போதும் என்னும்வரை ஊற்றுகிறார்கள். பள்ளிக்கூடத்தின் பின்பக்கமிருந்தே பனிச்சறுக்குப் பாதை தொடங்கிப் பைன் மரங்களுக்குள் போகிறது. இரவில் கார் எஞ்சின் உறையாமலிருக்க அதைச் சூடாக்கும் வயரை மின்சாரத்தில் செருகிவிட்டுப் படுக்கிறார்கள். மூன்று அறை வீட்டுக்கு அவர்கள் கொடுக்கும் வாடகையில் லண்டன் ஸ்ட்ரெதமில் என் ஒற்றை அறை பிளாட் கூடக் கிடைக்காது. ஆனால் கறிவேப்பிலை வாங்க அதே நூற்று நாற்பது மைல் திரும்பிப் போகவேண்டும்.

ஞாயிறு கார்த்திக்குக்கு ஷிப்ட். உறைந்து கிடந்த ஊர் ஏரியைப் பார்க்கவேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். இரண்டு குளிர்காலம் அந்த ஊரில் இருந்தும் தாரணி பனிக்கட்டிமேல் கால் வைத்ததில்லை.

"உடைஞ்சால் என்ன செய்யிறது?"

"லொறியே ஓடுது. நாங்கள் ரெண்டு பேர் என்ன பாரம்?"

உண்மையாகவே லொறி ஓடியது. ஏரியின்மேல் பனியை வழித்து வீதி போட்டிருந்தார்கள். அதன் இருபக்கமும் மீன் பிடிப்பவர்களின் மரக் குடில்கள், புகைபோக்கிகளோடு ஒரு சின்னக் கிராமம் போல. நடுவழியில் காலடியில் ஆழத்திலிருந்து ஒரு நீண்ட முழக்கம் எழுந்து கரைவரை ஓடியது. தாரணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். பனிக்கட்டி விரியும்போது அப்படித்தான் சத்தம் போடுமாம். எனக்கு அப்போது அது தெரியாது.

பிறகு காற்று எழும்பியது. தரையில் கிடந்த பனி மாவு போலக் கிளம்பி, கரை, மரங்கள், நாங்கள் வந்த வீதி எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. கைப்பேசியை எடுத்தேன், குளிரில் அது செத்திருந்தது. விரல்கள் எரிந்து, பிறகு எரியாமலும் போயின. எனக்குத்தான் கைகால் ஓடவில்லை. தாரணி என்னை இழுத்துக்கொண்டு, கடைசியாகக் கண்ட குடில் இருந்த திசையில் நடந்து, கதவில் இரண்டு கையாலும் அடித்தாள்.

கதவைத் திறந்தவர் அறுபது வயதுப் பெண்மணி. பெயர் லோரி, பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர். ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே இழுத்து, அடுப்பருகில் இருத்தி, கதவைச் சாத்தினார். கும்மிருட்டு. அந்த இருட்டின் நடுவில், தரையில், ஒரு மேசையளவு சதுரம் பச்சையாக ஒளிர்ந்துகொண்டிருந்தது.

அது மீன் பிடிக்கப் பனிக்கட்டியில் வெட்டிய துளை, உள்ளே ஏரித் தண்ணீர். பகல் வெளிச்சம் சுற்றியுள்ள பனிக்கட்டி வழியாக இறங்கி ஏரியை உள்ளிருந்தே ஏற்றிவைத்திருந்தது. இரண்டாள் ஆழத்தில் நீர்ப்பாசிகள் அசையாமல் நின்றன. மீன் வந்தால் தெரியட்டும் என்று லோரி போட்டிருந்த முட்டைக்கோதுகள் அடியில் வெள்ளை வெள்ளையாகக் கிடந்தன. மேலே எல்லாவற்றையும் கொல்லும் காற்று. கீழே ஒரு கோடைகாலம். எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று தெரியாது. மீனை ஈர்க்க லோரி ஒரு மர மீனை நூலில் கட்டி வட்டமாக நீந்தவிட்டார்; மற்றக் கையில் ஈட்டி.

அப்போது அது வந்தது. என் கை நீளமான மீன். வந்ததாகவே தெரியவில்லை, திடீரென்று அங்கே இருந்தது. லோரி மெல்ல ஈட்டியை உயர்த்தினார்.

"ஐயோ அக்கா, கண்ணைப் பாரன்!" என்று தாரணி கத்தினாள்.

மீன் இல்லை. லோரி ஈட்டியைக் கீழே வைத்தார். பிறகு தொடையில் அடித்துச் சிரித்தார். தாரணியும் சிரித்தாள், கண்ணில் நீர் வழிய. நான் வந்த பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. காற்று அடங்கி நாங்கள் கிளம்பியபோது, அடுத்த ஞாயிறும் வா, ஆனால் வாயை மூடிக்கொண்டிரு என்றார் லோரி. ஓம் என்று தமிழிலேயே தலையாட்டினாள் தாரணி.

செவ்வாய்க்கிழமை விமான நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்தபடி அவள் சொன்னாள்: "வரேல்லை எண்டு சொல்லேல்லை அக்கா. ஏப்ரலிலை ஐஸ் உடையுமாம். அதைப் பாத்திட்டுச் சொல்லுறன்."

தனியாகத் திரும்புவது ஏமாற்றமாக இருந்தது. ஆனால் அவளை வா என்று நான் வற்புறுத்தவில்லை.

புதன் காலை ஸ்ட்ரெதமில் தூறிக்கொண்டிருந்தது. பஸ் தரிப்பில் நின்றவர்கள் குளிரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்; நான் ஜாக்கெட்டைத் திறந்துவிட்டு நின்றேன். கறிவேப்பிலை, மருந்துக் கடை, ரயில், எல்லாம் ஐந்து நிமிட நடைக்குள். எங்கள் கட்டடத்தின் படிகளில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது இருபக்கமும் கதவுகள் வந்தன. பதினெட்டு வருடமாக அவற்றைக் கடந்து போகிறேன். ஒன்றையும் தட்டியதில்லை. தட்டவேண்டி வரவில்லை என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன்.